பாலுக்குக் கணக்கு உண்டு, கன்றுக்கு இல்லை

நாட்டில் பால் உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு செய்திகளே முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று, வெளிநாட்டிலிருந்து சினைக் கிடேரிகளை இறக்குமதி செய்வது. மற்றொன்று, ஆயிரக்கணக்கில் மாடுகளை வைத்துப் பராமரிக்கும் பெரும் பண்ணைகளைத் தொடங்குவது. 2021 முதல் 2030 வரைக்குமான தேசிய வேளாண் உணவுக் கொள்கை நடப்பில் இருக்கும் இந்தக் காலகட்டத்தில் இரண்டுமே தேவைதான். ஆனால் இங்கேயே, செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் பழைய லயங்களின் பின்புறத்திலும் இருக்கும் சிறு பண்ணைகளில் பிறக்கும் கன்றுகள் எத்தனை, அவற்றில் உயிரோடு வளர்ந்து பால்மாடாக நிற்பவை எத்தனை என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அது. பத்துக் கறவை மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பதினான்கு, பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால் ஆண்டுக்கு எட்டுக் கன்றுகள் கிடைக்கும். அவற்றில் பாதி காளை. மிச்சம் நான்கு கிடேரி. பத்து மாடுகளில் வயதாகியும், சினை பிடிக்காமலும், மடிநோய் கண்டும் கழிக்கப்படுபவை ஆண்டுக்கு இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நான்கு கிடேரிகளில் இரண்டாவது வளர்ந்து ஈன்றாக வேண்டும். ஒன்று குட்டியிலேயே செத்து, இன்னொன்று வளர்ச்சி குன்றி, மூன்றாவது அவசரச் செலவுக்கு விற்கப்பட்டால் பட்டி சுருங்கத் தொடங்கிவிடும். பல குடும்பங்களில் மாடு வளர்ப்பு அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றதற்குப் பிள்ளைகளின் ஆர்வமின்மையை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். இந்த எளிய கழித்தல் கணக்கும் அதில் சேர்த்தி.

உலக அளவில் நல்ல பண்ணை என்று சொல்லப்படும் இடங்களில், பால் மறக்கும் முன் இறக்கும் கன்றுகள் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அமெரிக்க வேளாண் துறை 2007-இல் நடத்திய ஆய்வில் அந்த விகிதம் 7.8 விழுக்காடாக இருந்தது. இறந்தவற்றில் பாதிக்கு மேல் கழிச்சலாலும், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நுரையீரல் நோயாலும் போயின. வெப்ப மண்டல நாடுகளின் நிலை வேறு. தென்கிழக்காசியாவில் நீண்ட காலம் பணியாற்றிய ஆஸ்திரேலியப் பால்பண்ணை வல்லுநர் ஜான் மோரன் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தப் பகுதிப் பண்ணைகளில் 15 முதல் 25 விழுக்காடு கன்றுகள் இறப்பது வழக்கமானது என்றும், சில இடங்களில் அது 50 விழுக்காடு வரை போகிறது என்றும் எழுதினார். நாலில் ஒரு கன்று என்பது விபத்து ஆகாது. அது ஒரு முறை, ஒரு பழக்கம்.

முதல் ஆறு மணி நேரம்

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அப்படி இல்லை. அந்தப் புரதங்கள் அதைத் தாண்டிக் கன்றுக்குப் போவதில்லை. ஆகவே கன்று ஏறக்குறைய எந்தக் கவசமும் இல்லாமல்தான் தரையில் விழுகிறது. கவசம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதைக் கன்றின் குடல் அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றிக்கொள்ளும் வாசல் பிறந்த கணம் முதலே மூடத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைந்து, ஒரு நாளில் அநேகமாக முற்றிலும் அடைபட்டுவிடும். அதன் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிர இரத்தத்தில் ஏறும் பாதுகாப்பு ஆகாது.

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாட்டு இந்திய மாட்டுக்கும் ஃப்ரீசியனுக்கும் பிறந்த 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் போக வேண்டும். தாயிடம் விட்டுவிட்டால் அதுவே குடித்துக்கொள்ளும் என்று நம்புவது சரிப்படாது. தலைச்சன் பசு உதைக்கும், மடி தொங்கிய பசுவின் காம்பைக் கன்றால் தேடிப் பிடிக்க முடியாது, ஈன்ற களைப்பில் கன்று எழவே நேரம் எடுக்கும். இரவு பதினொரு மணிக்கு ஈன்ற மாட்டின் கன்று காலை ஏழு மணிக் கறவை வரை காத்திருந்தால் எட்டு மணி நேரம் வீணாகிவிடும்.

இங்கே நம் பழக்கம் ஒன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றைப் பால் குடிக்க விடக்கூடாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தது. இன்னும் சில வீடுகளில் அது போகவில்லை. கொடி விழ எட்டு மணி நேரம் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அதற்குள் வாசல் மூடிவிடுகிறது. உண்மையில் கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. கொடி விழ அது உதவுமே தவிரத் தடுக்காது.

இன்னொன்று, சீம்பாலைக் காய்ச்சி வெல்லமும் ஏலக்காயும் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஈன்ற வீட்டின் மகிழ்ச்சியைப் பகிரும் வழி அது. அதை விட வேண்டும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லப் போவதில்லை. முதல் கறவை கன்றுக்கு, அடுத்தடுத்த நாள் கறவை அண்டை வீட்டுக்கு என்று வரிசையை மாற்றினால் போதும். மூன்றாம் நாள் சீம்பாலும் திரளும், இனிக்கும். முதல் கறவை அதிகமாக இருந்தால் புட்டியில் அடைத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தாய் இறந்துபோன கன்றுக்கோ பால் வற்றிய பசுவின் கன்றுக்கோ அதை வெதுவெதுப்பான நீரில் கரைய வைத்துக் கொடுக்கலாம். கொதிக்க வைத்தால் மட்டும் அந்தப் புரதங்கள் அழிந்துவிடும்.

கழிச்சல் என்ற ஒற்றைச் சொல்

கன்று செத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டால் பண்ணைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: வயிற்றுப்போக்கு. அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. எது என்பதைக் கன்றின் வயதே ஓரளவு காட்டிக் கொடுக்கும். பிறந்த முதல் நான்கைந்து நாளில் தண்ணீராகக் கழிந்து ஒரே நாளில் சாய்ந்தால் ஈ.கோலி கிருமியின் ஒரு வகைமீது சந்தேகம் போகும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் என்றால் ரோட்டா, கொரோனா தீநுண்மிகளும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும். மூன்று வாரத்துக்குப் பிறகு இரத்தம் கலந்து முக்கி முக்கிக் கழிந்தால் இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா. சால்மோனெல்லா எந்த வயதிலும் வரும், காய்ச்சலோடு வரும்.

கிருமி எதுவானாலும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கிருமி நேரடியாக அல்ல. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறி, இரத்தம் அமிலமாகி, இதயம் தடுமாறி நிற்கிறது. உடல் எடையில் ஐந்து விழுக்காடு நீர் இழந்ததும் கண் சற்றே உள்வாங்கத் தொடங்கும். பத்து விழுக்காட்டை நெருங்கினால் கன்று படுத்துவிடும், வாய் சில்லிட்டுவிடும், விரலை வைத்தால் சப்பாது. அதற்குப் பின் வாய்வழி மருந்து பலிக்காது, நரம்பில் ஏற்ற வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இது இரண்டரை லிட்டர் கணக்கு. ஓர் இரவில் இழந்துவிடக்கூடிய அளவுதான்.

ஆக, நேரம்தான் மருந்து. கழிச்சல் கண்ட முதல் வேளையே உப்புநீர்க் கரைசலைத் தொடங்க வேண்டும். கன்றுகளுக்கென்றே கால்நடை மருந்தகங்களில் பொட்டலம் கிடைக்கிறது. அதைப் பால் வேளைகளுக்கு இடையே, பாலோடு கலக்காமல், வேளைக்கு இரண்டு லிட்டர் வரை கொடுக்கலாம். பாலை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. கழியும் கன்றுக்குப் பாலை நிறுத்தினால் அது பட்டினியிலும் சேர்ந்து வாடும். அதே போல, கழிச்சல் கண்டதும் யாரோ மிச்சம் வைத்திருந்த எதிருயிரி மருந்தை ஊசியில் ஏற்றுவது தீநுண்மிக்கும் ஒட்டுண்ணிக்கும் ஒரு பயனும் தராது. கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு அரசாங்கம் 2019 தொடக்கத்திலிருந்து தடை விதித்திருப்பது ஏன் என்பதைச் சிறு பண்ணையாளர்களுக்கு அவர்கள் மொழியில் யாராவது விளக்கினால் நன்று.

பால் விலைபோகும் பொருள், கன்று குடிப்பது செலவு என்று பார்க்கும் வீட்டில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. கன்றுக்கு மாவுப்பால், அதுவும் மலிவானது, அதையும் தண்ணீர் கூட்டிக் கரைப்பது. சிலர் டின் பாலைக் கலக்கிக் கொடுக்கிறார்கள். கன்றின் குடலில் நாம் தேநீரில் போடும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இல்லை. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து நீரை இழுக்கும், கழிச்சல் தானாக வரும். கிருமியே இல்லாமல் வரவழைத்த கழிச்சல் அது. அழுக்கு வாளி, கழுவாத முலைப்புட்டி, ஒரு நாள் சூடு ஒரு நாள் ஆறல் என்று கொடுக்கும் பால் ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கிரிப்டோஸ்போரிடியமும் சால்மோனெல்லாவும் மனிதருக்குத் தொற்றும். கழியும் கன்றைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காரும் பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வரலாம்.

தொழுவத்தில் இருப்பவை, வெளியே இருந்து வருபவை

தாய்ப்பால் வழியாகவே வரும் ஒரு புழுவும் இருக்கிறது. டாக்சோகாரா எனப்படும் இந்த உருண்டைப் புழுவின் இளம் பருவம் தாய்ப் பசுவின் உடலில் உறங்கிக் கிடந்து, ஈன்றதும் மடிக்கு நகர்ந்து, முதல் சில வாரப் பாலோடு கன்றுக்குள் போகிறது. தாயிடம் ஒரு குறியும் தெரியாது. மூன்று நான்கு வாரக் கன்று வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, களிமண் நிறத்தில் நாற்றத்தோடு சாணம் போட்டால் இதுவாக இருக்கலாம். எருமைக் கன்றுகளை வைத்து இலங்கையில் நடந்த ஆய்வுகள், பிறந்து பத்து முதல் பதினாறு நாளுக்குள் ஒரே ஒரு முறை குடற்புழு மருந்து கொடுத்தால் போதும் என்று காட்டின. மலிவான மருந்து, ஒரு வேளை. இதைவிடக் குறைந்த செலவில் ஓர் உயிரைக் காப்பாற்றும் வழி பண்ணையில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

தொப்புள் அடுத்தது. அறுந்த தொப்புள்கொடி கிருமிக்குத் திறந்த குழாய். அயோடின் கரைசலில் அதை முக்கி எடுக்கப் பத்து நொடி ஆகாது. செய்யாவிட்டால் சீழ் பிடித்து, கல்லீரலுக்கும் மூட்டுகளுக்கும் பரவி, இரண்டாம் வாரம் கன்று நொண்டத் தொடங்கும். அப்போது பலரும் கால் சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

நுரையீரல் நோய்க்கு நம் நாட்டின் ஈரமே பாதிக் காரணம். மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாத மூலையில், சிறுநீர் ஊறிய தரையில் கட்டிப்போட்ட கன்று அமோனியா வாடையை இரவு முழுதும் சுவாசிக்கிறது. கண் எரியும் அளவுக்கு வாடை அடித்தால், மூக்கு தரையோடு ஒட்டியிருக்கும் கன்றுக்கு எப்படி இருக்கும்? பலவந்தமாக வாயைத் திறந்து புட்டியால் மருந்தோ பாலோ ஊற்றுவதும் ஆபத்து. அது மூச்சுக்குழலில் இறங்கினால் அடுத்த இரண்டு நாளில் நிமோனியா. மரத்தூள் படுக்கை போட்டால் சுகமாக இருக்கும் என்று போட்டு, அதை மாற்றாமலே விடுவதும் உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மரத்தூளில் பெருகும் ஒரு நூற்புழு தோல் வழியாக ஏறிக் கன்றுகளைத் திடீரெனச் சாய்த்ததை ஜப்பானின் தென்பகுதியில் கண்டறிந்திருக்கிறார்கள். அங்கே அது கோடைக்கால நோய். இங்கே ஆண்டு முழுதும் கோடைதான்.

வெளியிலிருந்து வருபவற்றில் கோமாரி முக்கியமானது. சபாவும் சரவாக்கும் அந்த நோய் இல்லாத பகுதிகள், தீபகற்பம் அப்படி இல்லை. பெரிய மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வந்து பால் குறையும். இளங்கன்றுக்கோ இதயத் தசையே வெந்துவிடும். வாயில் ஒரு புண்கூடத் தெரியாமல் நேற்று துள்ளிய கன்று இன்று செத்துக் கிடக்கும். 2021-இல் முதன்முறையாக நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோயும் இளங்கன்றுகளைக் கூடுதலாக வாட்டும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. தாய்க்குப் போட்ட ஊசியின் பலன் கன்றுக்கு வந்து சேர்வதும் அதே சீம்பால் வழியாகத்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து நடந்த ஆய்வுகள், ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் வெயிலில் வாடிய பசுக்களின் கன்றுகள் எடை குறைவாகப் பிறப்பதையும், சீம்பாலின் பாதுகாப்பைக் குறைவாகவே உறிஞ்சுவதையும் காட்டின. கறவை நின்ற மாட்டுக்கு நிழலும் தண்ணீரும் எதற்கு என்று ஓரமாகக் கட்டிவிடும் வழக்கம் வயிற்றிலிருக்கும் கன்றைத் தொடுகிறது. பெரிய இனக் காளையின் விந்தைச் சிறிய நாட்டுப் பசுவுக்குச் செலுத்தி, பிரசவத்தில் கன்றைக் கயிறு கட்டி இழுப்பதும் இதே வகைத் தவறு. நெடுநேரம் போராடிப் பிறந்த கன்று தள்ளாடும், எழாது, சீம்பால் குடிக்காது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

காளைக் கன்றின் கதையை நீட்டத் தேவையில்லை. பால் தராது, வளர்க்கச் செலவு, இறைச்சிக்குக் கொடுக்கப் பல இந்துக் குடும்பங்களுக்கு மனம் வராது. கொல்லவும் மனமில்லை, வளர்க்கவும் வழியில்லை என்ற நிலையில் அது அரைவயிற்றுப் பாலில் விடப்படுகிறது. மாட்டுப் பொங்கலன்று அதற்கும் பொட்டு வைக்கிறோம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பட்டினி போடுவதையும் கொடுமை என்றே பார்க்கிறது.

நிலம் இல்லாத தொழுவம்

இவ்வளவையும் அறிவுரையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது சுலபம். கால்நடை சேவைத் துறையின் துண்டறிக்கைகளிலும் இவற்றில் பல இருக்கின்றன. பண்ணையாளர்களுக்குத் தெரியவில்லை என்பது பாதி உண்மைதான்.

கன்றுக்குத் தனிக் கூண்டு, சரிவான சிமெண்ட் தரை, வடிகால், மழைச்சாரல் படாத கூரை என்று எந்தக் கையேடும் சொல்லும். அதைக் கட்டுவதற்கு நிலம் யாருடையது? தோட்டத் தொழிலாளர்களாக இருந்தபோது தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு மாடு வளர்த்தவர்கள் பலர். தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டமாக மாறியபோது தொழுவத்தையும் தூக்கிக்கொண்டு ஆற்றோரத்துக்கும் உயர் மின்னழுத்தக் கம்பிகளின் அடிக்கும் போனார்கள். அரசு நிலத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடியது தற்காலிக நில உரிமம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் எந்த மாதம் வழங்கப்பட்டாலும் அந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகிவிடும். அதன் பின் புதுப்பிக்க வேண்டும்.

பன்னிரண்டு மாத உரிமத்தில் பத்தாண்டு நிற்கும் தரையை யாரும் கட்டமாட்டார்கள். வங்கியும் அதை நம்பிக் கடன் தராது. ஆகவே தரை மண்ணாகவே இருக்கிறது, மழையில் சேறாகிறது, சேற்றில் காக்சிடியா பெருகுகிறது. சாணம் ஆற்றில் கலக்கிறது என்று ஊராட்சி மன்றத்துக்குப் புகார் போகிறது. அந்தப் புகாரே அடுத்த ஆண்டு உரிமம் கிடைக்காமல் போகவும் காரணமாகலாம். கன்றின் வயிற்றுப்போக்குக்கும் நில அலுவலகத்தின் கோப்புக்கும் உள்ள தொடர்பு இதுதான். சமூகத் தலைவர்கள் மாட்டுப் பண்ணையாளர்களுக்கு உதவி என்று மாடுகளை வாங்கிக் கொடுப்பதைவிட, ஐந்தாண்டுக்காவது உறுதியான குத்தகையைப் பெற்றுத் தருவது அதிக கன்றுகளைக் காப்பாற்றும்.

இறந்த கன்றைப் பரிசோதிக்கும் வசதி நாட்டில் இல்லாமல் இல்லை. ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகம் 1948-லிருந்து இயங்குகிறது. வட்டார ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. ஆனால் சடலம் அழுகுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு வண்டியும் ஆளும் வேண்டும். காதில் அடையாள வில்லை மாட்டுவதற்கு முன்பே செத்துப்போன கன்றுக்காகக் கறவையை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? பெரும்பாலும் தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைப்பதோடு முடிகிறது. அடுத்த கன்று அதே மூலையில், அதே கயிற்றில் கட்டப்படுகிறது.

பால் சேகரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு காலையும் எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று எழுதுகிறார்கள். அதே ஏட்டில் கன்று பிறந்த தேதி, சீம்பால் கொடுத்த நேரம், இறந்தால் எத்தனை நாள் வயதில் என்று மூன்று கட்டங்களைச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாது. ஒரே வட்டாரத்தில் ஐந்தாம் நாளில் பல கன்றுகள் போனால் அது ஒரு கதை சொல்லும், ஐந்தாம் வாரத்தில் போனால் வேறு கதை. மாவட்டக் கால்நடை அலுவலரும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்வார். தரையைப் பூசும் காரியம் மட்டும் அந்த ஏட்டால் ஆகாது. டிசம்பர் முடிந்து, புது உரிமம் கைக்கு வந்த பிறகுதான் சிமெண்ட் மூட்டைக்கு விலை கேட்கவே பண்ணையாளர் கிளம்புவார்.